தன்னைச் சுருட்டிக்கொண்ட ஆறு

அநியாயம் நடந்தது மாயக்காவுக்கு. செய்தவை இரண்டு தேசங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கன்னலாற்றைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மேல்தேசத்து அணையின் உயரத்தில் ஆரம்பித்துக் கீழ்தேசத்துத் தடுப்பணையின் நீளத்தில் முடித்துவிடுகிறார்கள், நடுவில் மணலில் குந்தி வெள்ளரி விதைக்கிற எங்களை, வரைபடத்தில் பேனா தவறிச் சிந்திய புள்ளி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் புள்ளிக்கு வெள்ளரித்திட்டு என்று பெயர். அந்தப் புள்ளியில் ஆடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, தேர்தல் நேரத்தில் யாரும் எட்டிப் பார்க்காத சுகம்கூட இருக்கிறது.

எங்கள் நிலத்துக்குப் பட்டா கிடையாது. மாசியில் ஆறு மெலிந்து ஒதுங்கினால் அது நிலம், ஆடியில் திரும்பி வந்தால் அது ஆறு, இடையில் கிடைக்கிற மணலில் குழி பறித்து, அடியில் ஆட்டுப் புழுக்கை போட்டு, ஈரத்துணியில் முளைகட்டிய வெள்ளரி விதையை ஊன்றி, காற்றுக்குக் கோரைத் தட்டி கட்டி, பக்கத்திலேயே ஊற்றுத் தோண்டிப் பானையில் மொண்டு ஊற்றி, ஊர் முழுக்கப் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்ப்போம். போன வருஷம் வயலாக இருந்த இடம் இந்த வருஷம் மடுவாக இருக்கும். அதனால் எங்களில் யாரும் மண்ணுக்காக வெட்டிக்கொண்டதில்லை. ஆறு கொடுத்ததை ஆறு எடுத்துக்கொள்ளும், இதில் என்ன வழக்கு என்பதே எங்கள் பேச்சு.

அந்த வருஷம் கீழ்தேசம் தன் பள்ளிப் புத்தக வரைபடத்தில் எல்லையோரத்து மலை ஒன்றைத் தன் நிறத்தில் தீட்டி அச்சடித்துவிட்டது. மேல்தேசம் அதைப் பார்த்துக் கொதித்தது. கொதித்தவர்கள் புத்தகம் அச்சடித்திருக்கலாம், திட்டி அறிக்கை விட்டிருக்கலாம், ஆனால் கையில் அணை இருப்பவனுக்கு வாய் எதற்கு? பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில், பிஞ்சு விட்டிருந்த கொடிகளின் மேல், அத்தனை மதகுகளையும் சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டார்கள். தூரத்துக் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் மாயக்காவின் கணவர் தவசி. தண்ணீர் வந்த வேகத்தில் அவர் கையிலிருந்த பானை மட்டும் கரையேறியது. அவரைக் கீழே நாணல் புதரில்தான் கண்டெடுத்தோம்.

மாயக்கா எனக்குச் சித்தி. கீழ்தேசத் தலைநகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த நான் சாவுக்கு வந்து சேர்ந்தபோது அவள் அழுது முடித்திருந்தாள். காரியம் முடிந்த கையோடு படகேறி மேல்தேசத்துக் காவல்சாவடிக்குப் போனாள். நானும் போனேன்.

"ஏன்யா சொல்லாமத் திறந்தீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேள்வி.

"அம்மா, தண்ணி உங்களுக்கு விட்டதில்ல, அவங்களுக்கு விட்டது. நடுவுல நீங்க இருந்தா நாங்க என்ன பண்றது?" என்றான் சாவடிக்காரன்.

கீழ்தேசத்துச் சாவடிக்குப் போனோம். அங்கே இருந்தவர் கொஞ்சம் படித்தவர். "திறந்தது அவங்க, அவங்களைக் கேளுங்க. தவிர, ஆற்று நீர் ஒப்பந்தத்துல இரண்டு தரப்புதான். நீங்க தரப்பு இல்லை" என்றார்.

"தரப்பு இல்லைன்னா நாங்க என்னய்யா?"

அவர் யோசித்துவிட்டு, மரியாதையாகவே, "நீங்க நிலவியல் அமைப்பும்மா" என்றார்.

வகுப்பில் பேராசிரியர்களை மூச்சுவிட விடாத எனக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. சித்தி திரும்பி வந்து, கொடி மக்கிக்கிடந்த தன் மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது ஆறு தன்னைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் வயலில் கிடந்தது.

படுத்து எழுந்தவர் பாயைச் சுருட்டுவதுபோல, கரையோடு கரை ஒழுங்காக, மலையிலிருந்து கடல்வரைக்கும் இருந்த கன்னலாறு முழுவதும் ஒரே சுருளாக, தேரைச் சாய்த்துப் போட்ட பருமனில், வெளியே உலர்ந்தும் உள்ளே குளிர்ந்தும், மீன்கள் புரளுகிற மெல்லிய சத்தத்தோடு கிடந்தது. மேலே பார்த்தால் காய்ந்த படுகை, கீழே பார்த்தால் காய்ந்த படுகை. சுருளின் ஓரத்தில் ஒரு துடுப்பின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் படகோட்டி காத்தமுத்து அடையாளம் கண்டு, "அடப்பாவி, என் படகையும் சேத்துல்ல சுருட்டிட்டு வந்திருக்கு" என்றார்.

இது எப்படி நடந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அறியாமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வெள்ளரித்திட்டில், கோபித்துக்கொண்டு வந்த ஆளிடம், வயிறு குளிரும் முன் காரணம் கேட்பது வழக்கமில்லை. முதலில் தண்ணீர், பிறகு சோறு, பிறகு நிழல். காரணத்தை அவராகச் சொன்னால் உண்டு. ஆகவே அன்றைக்கு ஊர் கூடி விவாதித்ததெல்லாம், ஆறு என்ன சாப்பிடும் என்பதைத்தான்.

"ஆத்துக்கே தண்ணி குடுக்கிறதா? சிரிக்க மாட்டாங்க?" என்றது ஒரு குரல்.

"வந்த வீட்டுல தண்ணி குடுக்கலன்னாதான் சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டு, சித்தி ஊற்றில் ஒரு செம்பு மொண்டு வந்து சுருளின் விளிம்பில் ஊற்றினாள். ஒரு சொட்டு கீழே வழியாமல் ஆறு உறிஞ்சிக்கொண்டது. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை; கம்பங்கூழ் வந்தது, வெள்ளத்துக்குத் தப்பிய மேட்டுக் கொடியிலிருந்து வெள்ளரிப் பிஞ்சு வந்தது, யாரோ வெற்றிலைகூட வைத்தார்கள், வெயில் படாமல் கோரைப் பந்தல் போட்டார்கள்.

இரண்டொரு நாளில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது: ஆறு பெண்ணாம், புகுந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த மகளாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வருகிறவளைத் தவிர உங்களுக்கு வேறு யாரையும் நினைக்கவே தெரியாதா என்று பந்தலடியில் நின்று கத்தினேன்.

காத்தமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "சரி தாயி, ஆம்பளைன்னே வச்சுக்குவோம். கோவிச்சுக்கிட்டு வந்த மாப்பிள்ளை. இப்ப கறி வேற எடுக்கணும், அதான் சொல்லு."

ஊரே சிரித்தது. தவசி சித்தப்பா போனபிறகு சித்தி உதட்டில் சிரிப்பு அசைந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சுருளின் ஓரத்தை இரண்டு விரலால் நெகிழ்த்தினால் குடம் நிறையத் தண்ணீர் வரும் என்பதைப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். நிறைந்ததும் மறுபடி உள்ளே செருகிவிட வேண்டும், சேலைக் கொசுவத்தைச் செருகுவதுபோல. ஒரே குடத்தில் முதல் வாய்க்குப் பனிமலையின் சில்லிப்பும் கடைசி வாய்க்கு முகத்துவாரத்து உப்பும் இருக்கும். மீன்கள் அப்பளம்போலத் தட்டையாக நழுவி வரும், பானைத் தண்ணீரில் விட்டதும் உப்பிக்கொண்டு நீந்தும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காதை வைத்துக் கேட்டு, இது அணைச் சுற்று, இது நாணல் சுற்று என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகினார்கள்.

பிறகு மனிதர்கள் வந்தார்கள். காய்ந்த படுகையில் நடந்து, மேல்தேசத்து மேட்டு ஊர்களிலிருந்தும் கீழ்தேசத்து வயல் ஊர்களிலிருந்தும், பிறந்ததிலிருந்து ஒருவரையொருவர் எதிரி என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள், குடமும் தவலையும் நெகிழி வாளியுமாக வந்து எங்கள் மணலில் நின்றார்கள். எங்கள் ஊற்றுகளுக்கு ஒரு முறை உண்டு: தோண்டியவர் முதலில் குடிக்கக் கூடாது, பக்கத்தில் நிற்பவருக்குத்தான் முதல் செம்பு, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது கொடுத்தாக வேண்டும். அதே முறையை வரிசைக்கு வைத்துவிட்டோம். மேல்தேசத்துக்காரி நெகிழ்த்திய தண்ணீர் பின்னால் நிற்கும் கீழ்தேசத்துக்காரியின் குடத்துக்கு, அவள் நெகிழ்த்தியது அவளுக்குப் பின்னால் நிற்பவனுக்கு. முதல் நாள் முறைத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த நாட்களில், "ஏம்மா, உன் குடம் ஓட்டை, சொல்லக் கூடாதா?" என்றும், "உங்க ஊருல வெயில் இப்படித்தானா?" என்றும் பேச்சு போனது. முதலில் நிற்பவருக்கு யார் நெகிழ்த்துவது என்று கேட்டால், சித்தி. அது அவள் வயல்.

தலைநகரங்கள் சும்மா இருக்குமா? ஆற்றைத் திருடிவிட்டார்கள் என்று ஒவ்வொரு தேசத்துத் தொலைக்காட்சியும் மற்ற தேசத்தைத் திட்டியது. கீழ்தேசம் பீரங்கிப் படகுகளை அனுப்பியது. அவை முகத்துவாரத்தைத் தாண்டிய உடனே சேற்றில் ஒருக்களித்துப் படுத்துவிட, மாலுமிகள் ஏணி வைத்து இறங்கி, காய்ந்த படுகையில் நடந்து வந்து எங்களிடம் வெள்ளரிக்காய் வாங்கித் தின்றார்கள். மேல்தேசம் ராணுவ வண்டிகளைக் கொண்டுவந்து, சுருளுக்குச் சங்கிலி கட்டி, கறுப்புப் புகை கக்க இழுத்தது. சங்கிலி நனைந்து திரும்பி வந்தது. அவ்வளவுதான். நாங்கள் கைதட்டவில்லை, வந்தவர்களை அவமானப்படுத்துவதும் எங்கள் வழக்கமில்லை. காத்தமுத்து மட்டும், "டீசல் வீணாப்போச்சே தம்பி" என்று வருத்தப்பட்டார்.

வேறு வழியில்லாமல் இரண்டு ஆணையர்கள் வந்தார்கள். மேல்தேசத்து ஆணையர் இளவேந்தன், உயரமான மனிதர், சப்பாத்தில் மணல் புகுவதைச் சகிக்காதவர். கீழ்தேசத்து ஆணையர் அருள்வரதன், எதற்கும் புன்னகை செய்கிறவர். இருவரும் நேருக்கு நேர் பேசக் கூடாது என்று இரண்டு தலைநகரமும் உத்தரவு போட்டிருந்ததால், பந்தலடியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதிரே நின்ற காத்தமுத்துவைப் பார்த்தே பேசினார்கள்.

"பெரியவரே, சுருளின் வெளிச்சுற்று எங்கள் பனிமலைத் தண்ணீர், ஆகவே ஆறு எங்களுடையது என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றார் இளவேந்தன்.

"அய்யா, அவரு என்ன சொல்றாருன்னா—"

"கேட்டது. வெளிச்சுற்றில் உப்புக் கரிக்கிறது, அது எங்கள் முகத்துவாரம், நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார் அருள்வரதன்.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நக்கினா அப்புறம் ஆறே மிஞ்சாதுய்யா" என்றார் காத்தமுத்து. "ரெண்டு பேருல யாரு ஜெயிச்சாலும் சரி, என் படகை மட்டும் உருவிக் குடுத்துடுங்க."

அப்போது நான் எழுந்தேன். சாவடியில் எழாத நாக்கு அன்றைக்கு எழுந்தது. "ஒப்பந்தத்தில் நாங்கள் தரப்பு இல்லை என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள். சரி, இல்லை. தரப்பு இல்லாதவர்களை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது, இது முதல் வருஷப் பாடம். அப்படியானால் எங்கள் மணலில் தானாக வந்து கிடக்கிற ஒன்றைக் கொடு என்று கேட்க உங்களுக்கு எந்த ஷரத்து இருக்கிறது? காட்டுங்கள். இல்லை, நிலவியல் அமைப்போடு பேச்சுவார்த்தை நடத்த வந்தீர்களா? மணலோடு பேசுகிறவர்களை எங்கள் ஊரில் வேறு மாதிரி சொல்வோம்."

இருவரின் பின்னால் நின்ற வழக்கறிஞர்கள் தாள்களைப் புரட்டினார்கள். புரட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு இனிமையாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

இளவேந்தன் முதல்முறையாக எங்களைப் பார்த்துப் பேசினார். "சரி. இரண்டு தேசத்திலும் தண்ணீர் இல்லை. உங்களுக்கு என்னதான் வேண்டும்?"

"நாங்க ஆத்தைப் பிடிச்சு வைக்கலய்யா" என்றாள் சித்தி. அதுவரை அவள் ஒரு பிள்ளையின் குடத்துக்கு ஓரத்தை நெகிழ்த்திக்கொண்டிருந்தாள். நிறைந்ததும் செருகிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "கோவிச்சுக்கிட்டு வந்தவங்களைக் கூட்டிட்டுப் போக வர்றவங்க, அந்த வீட்டுக்காரங்க கேக்கிறதுக்குப் பதில் சொல்லித்தான் கூட்டிட்டுப் போகணும். எங்க ஊருல அப்படி. இது வந்து இறங்கினது என் வயல்ல. கேக்கலாமா?"

இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். வேறென்ன செய்வார்கள்?

"ஏன்யா சொல்லாமத் திறந்தீங்க?"

"தொழில்நுட்பக் கோளாறு" என்றார் இளவேந்தன். சுருள் கிடந்தபடி கிடந்தது.

"மேல்மலையில் எதிர்பாராத மழை" என்றார். சுருள் அசையவில்லை.

"அன்னைக்கு ஒரு மேகத்தைக் கண்ணால பார்க்கல நாங்க" என்றார் காத்தமுத்து, யாரிடமும் சொல்லாததுபோல.

இளவேந்தன் குனிந்து சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டினார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. சித்தி அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். குடித்து முடித்தபோது அவர் குரல் வேறாக இருந்தது. "அந்த அறையில் நானும் இருந்தேன். மேசையில் வரைபடம் இருந்தது. திறந்தால் கீழ்தேசம் எதுவரை முங்கும் என்று பார்த்தோம். நடுவில் ஆட்கள் இருக்கிறார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் நினைப்பே எங்களுக்கு வரவில்லை, அம்மா."

சுருளின் ஓரம் ஒரு முழம் நெகிழ்ந்து, மணலில் தண்ணீர் பரவி, எங்கள் பாதங்களை நனைத்தது. உண்மையைக் கேட்டு நெகிழ்ந்தது என்று நான் சாதிக்கமாட்டேன். பொய்க்கு அசையவில்லை என்பதை மட்டும் யாரோடு வேண்டுமானாலும் வாதிட்டு நிரூபிக்கத் தயார்.

அருள்வரதன் புன்னகை செய்தார். தன் வேலை முடிந்தது என்று எழவும் செய்தார்.

"உக்காருங்கய்யா" என்றாள் சித்தி. "உங்ககிட்ட வேற கேள்வி. தண்ணி வருதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"எங்களுக்கு எப்படித் தெரியும்? திறந்தது அவர்கள்."

சுருள் அசையவில்லை. அவர் அதைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வரிசையில் குடத்தோடு நின்ற இரண்டு தேசத்துக்காரர்களும், படகிலிருந்து இறங்கி வந்த அவருடைய மாலுமிகளும் பார்த்தார்கள்.

"தெரியும்" என்றார் கடைசியில். "வானத்திலிருந்து எடுக்கிற படம் எங்களுக்கு உடனுக்குடன் வரும். மதகு திறந்ததைப் பார்த்தோம்."

"ஏன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

"சேதம் ஆனால்... அதை உலக சபையில் காட்டலாம் என்று."

"எங்க வீட்டுக்காரரையா?"

அவர் முகத்தில் புன்னகை இல்லை. "படத்தில் அவர் இருக்கிறார், அம்மா. பானையோடு."

 ஆறு அடுத்த முழத்தை நெகிழ்த்தியது, அதற்கடுத்த முழத்தையும். எங்கள் கணுக்கால்வரை குளிர்ந்தது. உள்ளிருந்து காத்தமுத்துவின் படகு முழுசாக வழுக்கிக்கொண்டு வந்து அவர் முழங்காலில் இடித்து நின்றது. அவர் அதன் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்த இடத்தில் ஆறு நின்றுவிட்டது, இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல.

பிறகு அது மேலேயும் கீழேயும் விரிந்ததும், விருந்தாளிக்குப் பாய் விரிப்பதுபோல நிதானமாக, எங்கள் குழிகளை ஒதுங்கிக் கடந்து போனதும், சேற்றில் படுத்திருந்த பீரங்கிப் படகுகள் மெல்ல எழுந்து வெட்கத்தோடு திரும்பிப் போனதும் பத்திரிகைகளில் வந்தன. இன்றைக்கு மேல்தேசத்தில் மதகுக்குப் பக்கத்தில் கை வைக்கும் முன், வெள்ளரித்திட்டில் ஒரு கைப்பேசி அடிக்கிறது. சித்தி ஊற்றில் இருந்தால், காத்திருக்கிறார்கள். அவள் கை கழுவிக்கொண்டு வந்து பேசும்வரை ஒரு பேரரசு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதையும் எழுதினார்கள், வேடிக்கைச் செய்தியாக. எழுதாமல் விட்டது, ஆறு கணுக்காலில் நின்றிருந்த அந்தச் சிறு பொழுதில் நடந்தது. எனவே அதை நான் எழுதுகிறேன்.

இரண்டு ஆணையர்களும் கால்சட்டை நனைய நின்றார்கள். உத்தரவை மறந்து, முதல்முறையாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள். இனிமேல் திறப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம் என்றார் இளவேந்தன். நல்லது என்றார் அருள்வரதன். யாரிடம் சொல்ல வேண்டும், உங்கள் வெளியுறவு அமைச்சகத்திடமா, தடுப்பணை அலுவலகத்திடமா என்று கேட்டார் இளவேந்தன். அமைச்சகத்திடம் சொன்னால் போதும் என்றார் அருள்வரதன். இருவரும் கை குலுக்கப் போனார்கள். ஆறு அசையவில்லை. எனக்குக் கோபத்தில் கண் இருண்டது. அத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும், எங்கள் மணலில், எங்கள் பந்தலின் கீழ், எங்கள் தலைக்கு மேலாக அந்தக் கைகள் நீண்டன. நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி தண்ணீரில் நடந்து போய் இரண்டு கைகளுக்கும் நடுவில் நின்றாள்.

"யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில் உங்களுக்கு ஏதாவது கருத்து இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார் இளவேந்தன்.

"என்கிட்ட" என்றாள் மாயக்கா.